வான்கோழிக்கு ஊசி போட்டால் நெஞ்சுக்கறி வறளாதா?

கேள்வி, 27 நவம்பர் 2023 (பாறசாலையிலிருந்து ஒரு வாசகி)

வீட்டில் வளர்த்த வான்கோழி ஒன்று கிறிஸ்துமஸுக்கு இருக்கிறது. சுத்தம் செய்தால் நாலு கிலோ தேறும். போன வருஷம் முழுசாக ஓவனில் வைத்தேன். தொடை பரவாயில்லை, நெஞ்சுக்கறியைத் தண்ணீர் குடித்துத்தான் விழுங்க வேண்டியிருந்தது. ஊசியால் மசாலாத் தண்ணீர் ஏற்றினால் சாறு நிற்கும் என்கிறான் என் தம்பி. மாமியார், "கறிக்கு ஊசியா?" என்று முகம் சுளிக்கிறார். யார் சொல்வது சரி?

28 நவம்பர், இரவு

தம்பி சொல்வது சரி. மாமியார் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

வான்கோழி நெஞ்சில் கொழுப்பு கிடையாது என்றே சொல்லலாம். பறவை நாள் முழுக்க நடக்கிறது, பறப்பது எப்போதாவதுதான். அதனால் தொடையில் கொழுப்பும் ஜவ்வும் சேர்கின்றன, நெஞ்சு வெள்ளையாக, மெல்லிய நாராக நின்றுவிடுகிறது. பச்சைக் கறியில் முக்கால் பங்கு தண்ணீர்தான். சூடு ஏற ஏற நார் சுருங்கி, ஈரத்துணியைப் பிழிவதுபோல அந்தத் தண்ணீரை வெளியே தள்ளுகிறது. தொடை வேகும்வரை காத்திருந்தால் நெஞ்சு பிழிந்து முடிந்திருக்கும். போன வருஷம் உங்கள் வீட்டில் நடந்தது இதுதான்.

உப்பு உள்ளே போனால் நாரிலுள்ள புரதம் கொஞ்சம் இளகுகிறது. வேகும்போது அவ்வளவு இறுக்கமாகச் சுருங்காமல் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. வாளியில் உப்புநீர் கரைத்து முழுப் பறவையையும் ஊறப்போட்டாலும் இது நடக்கும். ஆனால் அந்த வாளியை வைக்க எந்த வீட்டு ஃப்ரிட்ஜில் இடம் இருக்கிறது? வெளியே வைக்க நம் ஊர் சூடு விடாது. அதனால்தான் ஊசி.

என் கணக்கு: நாலு கிலோவுக்கு 400 மில்லி தண்ணீர். அதில் மூன்று மேசைக்கரண்டி தூளுப்பு, ஒரு குழிக்கரண்டி தேங்காய் எண்ணெய், மஞ்சள், இடித்த நல்லமிளகு, இஞ்சி பூண்டு விழுது, பாதி எலுமிச்சை. முந்தின நாள் ஏற்றி வைத்துவிடுங்கள்.

29 நவம்பர்

நேற்று எழுதியதை இன்று காலை படித்தபோது மனசு ஒப்பவில்லை. எட்டு வருஷத்துக்கு முன் செய்ததை நினைவிலிருந்து எழுதிவிட்டேன். அன்று காலையில் ஏற்றி, உடனே அடுப்பில் வைத்தோம், கண்ணளவில் போட்டதுதான் எல்லாம். இன்னொருவர் வீட்டுப் பண்டிகைச் சாப்பாடு இதை நம்பி இருக்கிறது. அதனால் ஒரு பெட்டை வாங்கிச் செய்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அதுவரை மேலே உள்ள கணக்கை எடுக்க வேண்டாம்.

3 டிசம்பர், மாலை

திங்கள்சந்தைப் பக்கம் ஒரு வீட்டில் பெட்டை கிடைத்தது. காலையும் தொடையையும் கறிக்கு எடுத்து வைத்துவிட்டு, நெஞ்சை எலும்பிலிருந்து இரண்டு பாதியாக எடுத்தேன். இரண்டும் கிட்டத்தட்ட 600 கிராம். இடது பாதிக்கு நான் எழுதிய தண்ணீரில் 60 மில்லி ஏற்றினேன். வலது பாதிக்கு வெளியே மட்டும் உப்பும் மிளகும். இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்து, இன்று மதியம் இரண்டையும் ஒரே தட்டில் ஓவனில் வைத்தேன்.

முதலில் நல்ல செய்தி. வெந்து வந்தபோது ஊசி போட்டது 530 கிராம், போடாதது 450. எடையை விட வாயில் வித்தியாசம் அதிகம். போடாத துண்டைக் கையால் பிய்த்தால் நூல் நூலாக வந்தது. போட்டதை விரலால் அழுத்தினால் ஈரம் மினுங்கியது.

இனி என் தவறுகள்.

உப்பு: கடித்தவுடன் வீட்டில் எல்லாரும் தண்ணீர் கேட்டார்கள். ஒரு மேசைக்கரண்டி தூளுப்பைத் தராசில் வைத்தேன், 18 கிராம். மூன்று என்றால் 54. போதாக்குறைக்கு மேலேயும் தடவியிருந்தேன். கரண்டியை நம்பி எழுதியது தப்பு. கல்லுப்பில் கரண்டிக் கணக்கு இன்னும் வேறு. 400 மில்லிக்கு 24 கிராம், தராசில் நிறுத்து. வெளியே தடவ 16 கிராம். மொத்தம் 40, அதாவது எலும்போடு கூடிய எடையில் நூற்றுக்கு ஒன்று. இதற்கு மேல் போக வேண்டாம்.

தேங்காய் எண்ணெய்: காலையில் ஃப்ரிட்ஜைத் திறந்தால் ஊசி குத்திய ஒவ்வொரு துளையிலும் வெள்ளை மெழுகுபோல ஒரு பொட்டு. கத்தியால் ஓரம் நறுக்கிப் பார்த்தேன், உள்ளேயும் வெள்ளைக் கட்டிகள். சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் உறையும் என்பது மார்கழிக் காலையில் குப்பியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்க்கிற நம் எல்லாருக்கும் தெரிந்தது. ஊசி விஷயத்தில் அது எனக்குத் தோன்றாமல் போயிற்று. வெண்ணெய்க்கும் இதே கதைதான். எண்ணெயும் வெண்ணெயும் தோலுக்கு மேலே தடவத்தான்.

மஞ்சள்: நறுக்கியபோது வெள்ளைக் கறியில் ஊசி போன வழியெல்லாம் மஞ்சள் கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மஞ்சள் நகரவே இல்லை. ஆனால் உப்பு எல்லா இடத்திலும் இருந்தது. நாரைத் தாண்டி நகர்வது உப்புதான், மஞ்சளும் மிளகும் விட்ட இடத்திலேயே நிற்கும் என்பதைக் கண்ணால் பார்த்தேன்.

எலுமிச்சையும் வேண்டாம். துளையைச் சுற்றிக் கறி மாவுபோல நொய்ந்துவிட்டது. புளிப்பு வேண்டுமென்றால் சாப்பிடும்போது பிழிந்துகொள்ளலாம்.

5 டிசம்பர்

ஊசியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் 20 மில்லி சிரிஞ்ச், புதுசாக, உறை பிரிக்காதது. ஊசி பதினெட்டாம் நம்பர் போதும், பதினாறு கிடைத்தால் இன்னும் நல்லது. நம்பர் குறையக் குறைய துளை பெரிசு. அதற்கென்றே விற்கும் தடித்த ஊசியில் பக்கவாட்டில் ஓட்டைகள் இருக்கும், ஒரு குத்தில் நாலு பக்கமும் பாயும். இருந்தால் வசதி. எலும்பில் மோதினால் அழுத்தாமல் பின்வாங்குங்கள். மெல்லிய ஊசி வளையும். முறிந்து உள்ளே தங்கிவிட்டால் அந்தத் துண்டை எடுத்துவிட்டுத்தான் மறு வேலை.

விழுது எதுவும் ஊசியில் போகாது. ஞாயிற்றுக்கிழமை இஞ்சி நார் அடைத்துக்கொண்டு, நான் இன்னும் அழுத்த, சிரிஞ்ச் ஊசியைக் கழற்றி எறிந்துவிட்டது. சமையலறைச் சுவரில் டிசம்பர் காலண்டர் முழுக்க மஞ்சள் புள்ளி. மருமகள் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

சாறாக எடுத்துக்கொள்ளுங்கள். 400 மில்லியை விடக் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர், அதில் தட்டிய இஞ்சி, ஆறு பல் பூண்டு, நல்லமிளகு, ஒரு துண்டு பட்டை, இரண்டு கொத்து கறிவேப்பிலை. ஒரு கொதி, அப்புறம் மூடி ஆற விடுங்கள். பழைய வேட்டித்துணியை இரண்டாக மடித்து வடிகட்டி, 400 மில்லிக்குச் சரிக்கட்டி, 24 கிராம் உப்பைக் கரைத்து, ஃப்ரிட்ஜில் நன்றாகக் குளிர வையுங்கள். ஆறாத தண்ணீரைப் பச்சைக் கறிக்குள் ஏற்றவே கூடாது.

7 டிசம்பர்

இனிப்பு சேர்க்கலாமா என்று இன்னொருவர் கேட்டார். ஒரு மேசைக்கரண்டி மார்த்தாண்டம் தேன், அல்லது அதே அளவு கருப்பட்டி. உப்பின் கூர்மையை மட்டுப்படுத்தும். தோலில் மட்டும் தேனைத் தடவாதீர்கள், கறி வேகுமுன் கருகிவிடும்.

தேன் என்றதும் நினைவு வருகிறது. 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. ஊரக மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச் இந்தப் பக்கத்து விவசாயிகளுக்குத் தேனீப் பெட்டியும் கொடுத்தார், நல்ல இனக் கோழி வளர்ப்பையும் கற்றுக்கொடுத்தார். ரப்பர் தோட்டத்து ஓரத்தில் தேன்பெட்டியும் வீட்டு முற்றத்தில் கோழிக்கூடும் எங்களுக்குச் சேர்ந்தே வந்தவை.

9 டிசம்பர், இரவு

மாமியார் விஷயம்.

"ஊசி போட்ட கறி" என்றால் நம் ஊரில் பெரியவர்களுக்கு நினைவு வருவது பிராய்லர். ஹார்மோன் ஊசி போட்டுத்தான் நாற்பது நாளில் வளர்க்கிறார்கள் என்ற பேச்சு எங்கும் உண்டு. அந்த வளர்ச்சி இனத் தேர்வாலும் தீவனத்தாலும் வருவது. ஆயிரக்கணக்கான கோழிக்குத் தனித்தனியாக ஊசி போட யாராலும் ஆகாது. நாம் ஏற்றுவதும் அடுப்படியில் கொதித்த உப்புத்தண்ணீர்தான். அவர் எதிரிலேயே கொதிக்க வையுங்கள், ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கட்டும்.

ஆனால் அவருடைய அருவருப்பில் ஒரு நியாயம் இருக்கிறது. அதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். பச்சைக் கறியில் கிருமி பெரும்பாலும் மேல்பரப்பில்தான். ஊசி அதை உள்ளே கொண்டுபோகிறது. ஆகவே ஊசி போட்ட பறவை நடுவரை முழுசாக வெந்தே ஆக வேண்டும். நெஞ்சின் தடித்த இடத்தில் 74 டிகிரி, இதில் சமரசம் கிடையாது. இறைச்சிக்குக் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். தண்ணீரைச் சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி எடுங்கள், கிண்ணத்தில் மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள், குழம்பில் சேர்க்காதீர்கள்.

12 டிசம்பர்

பறவைக்கு என்ன வயசு, சேவலா பெட்டையா? கேட்க மறந்த முக்கியமான கேள்வி. ஊசி தீர்ப்பது வறட்சியை. முதிர்ந்த பறவையின் கடினத்தை அது ஒன்றும் செய்யாது. ஒரு வருஷம் தாண்டிய சேவல், ரப்பர் தோட்டத்தில் ஏறி இறங்கி நடந்தது என்றால், அதன் தொடையிலும் காலிலும் இருக்கும் ஜவ்வு கரைய ஈரச்சூடும் மணிக்கணக்கான நேரமும் வேண்டும்.

எங்கள் அம்மா முழுப் பறவையை ஒருநாளும் சுட்டதில்லை. துண்டு போட்டு, தேங்காயும் மல்லியும் வத்தலும் கருக வறுத்து அரைத்து, உருளியில் இரண்டு மணி நேரம். அவித்த மரச்சீனிக் கிழங்கோடு. அந்தக் கறியில் நெஞ்சுத்துண்டு எங்கே, தொடைத்துண்டு எங்கே என்று தெரியாது, எல்லாவற்றையும் மசாலா மூடிவிடும். முழுசாக மேசை நடுவில் வைத்து அறுக்கும் பழக்கம் வெளிநாடு போய்வந்த பிள்ளைகளோடு வந்தது. எனக்கு அதில் குறை இல்லை, பேரப்பிள்ளைகள் சுற்றி நின்று பார்க்கும் அழகுக்காகவே செய்யலாம். ஆனால் வயசான சேவல் என்றால் அம்மாவின் வழிதான்.

13 டிசம்பர்

பதில் வந்துவிட்டது, ஏழு மாதச் சேவலாம். தைரியமாகச் செய்யலாம்.

16 டிசம்பர்

வான்கோழி நம்ம நாட்டுப் பறவைதானே, பெயரே தமிழாக இருக்கிறதே என்று ஒருவர். பறவை அமெரிக்கக் கண்டத்தது. மெக்சிகோவில் பழக்கி வளர்த்தார்கள், 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். 1612-ல் முகலாய அரசவை அதிகாரி முகர்ரப் கான் கோவாவிலிருந்து ஒன்றைக் கொண்டுவர, பேரரசர் ஜஹாங்கீர் அதைப் பார்த்து வியந்து, அரசவை ஓவியர் மன்சூரை வரையச் சொன்னார். அந்த ஓவியம் இன்றும் இருக்கிறது.

பெயர்தான் வேடிக்கை. ஆங்கிலேயர் துருக்கி என்றார்கள். துருக்கியில் போய்க் கேட்டால் இந்தியாக் கோழி என்ற பொருளில் 'ஹிந்தி'. பிரெஞ்சுக்காரர்களுக்கும் அது இந்தியாவிலிருந்து வந்தது. போர்த்துக்கீசியருக்குப் பெரு. டச்சுக்காரர்கள் வைத்த பெயர் 'கல்கூன்', கோழிக்கோட்டுக் கோழி என்று அர்த்தம். மெக்சிகோப் பறவைக்குக் கோழிக்கோட்டின் பெயர். அதே டச்சுக்காரர்களைத்தான் 1741-ல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவின் படை தோற்கடித்தது. குளச்சலுக்கு மீன் வாங்கப் போகும்போதெல்லாம் அந்த வெற்றித்தூணைப் பார்க்கிறேன். இனிமேல் வான்கோழியும் சேர்ந்து நினைவு வரும்.

19 டிசம்பர்

ஃப்ரிட்ஜில் இடமில்லை என்றால்: தெர்மோகோல் மீன்பெட்டி. மீன் வியாபாரியிடம் புதுப் பெட்டி கேளுங்கள், பழையதில் மீன் வாடை போகாது. அடியில் ஐஸ், அதன்மேல் இரட்டைப் பையில் கட்டிய பறவை, சுற்றியும் மேலும் ஐஸ். இரவு ஒருமுறை எழுந்து உருகிய தண்ணீரைக் கொட்டிப் புது ஐஸ் போடுங்கள். உள்ளே 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். நான் இப்படித்தான் செய்யப்போகிறேன். ஃப்ரிட்ஜில் வட்டையப்ப மாவும் கேக்கும் குடியேறிவிட்டன.

23 டிசம்பர், இரவு 11 மணி

இப்போதுதான் ஏற்றி முடித்தேன். இது நாளை இரவுச் சாப்பாட்டுக்கு. கை இன்னும் சில்லிட்டிருக்கிறது. எப்படி என்று சொல்லிவிட்டுப் படுக்கிறேன்.

தோலைக் குத்தக் கூடாது. கழுத்துப் பக்கத்தில் விரலை விட்டுத் தோலை நெஞ்சிலிருந்து மெல்லக் கிளப்பி, தோலுக்கடியில் ஊசியைக் கொண்டுபோகிறேன். ஆழமாக இறக்கி, ஊசியைப் பின்னால் இழுத்துக்கொண்டே மெதுவாக அழுத்த வேண்டும். ஒரே இடத்தில் நிறுத்தி அழுத்தினால் குளம்போல் தேங்கி, துளை வழியே திரும்பி வந்துவிடும். வெளியே எடுக்காமலே திசையை மாற்றி மறுபடி. ஓர் இடத்தில் 5 மில்லி, மூன்று விரல் இடைவெளி. கறி கண்ணெதிரே மெல்ல உப்பி, நார்களுக்கு இடையில் ஈரம் தெரியும். நெஞ்சுக்கு 200, தொடைக்கு 120, காலுக்கு 80. கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும், கவலைப்படாதீர்கள். வெளியே 16 கிராம் உப்பு. தேங்காய் எண்ணெய் அடுப்பில் வைக்கும் முன் தோலில்.

24 டிசம்பர், மதியம்

வீட்டு ஓவனில் பறவை நுழையவில்லை. சித்தப்பா முன்பு ரொட்டி போட்ட போர்மாவில், அதாவது பேக்கரி விறகு அடுப்பில், கேட்டிருக்கிறேன். கேக் எல்லாம் எடுத்த பிறகு, விறகு அணைந்து சூடு இறங்கி வரும் நேரத்தில் வைக்கலாம் என்றார்கள். பாறசாலைக்காரருக்கு ஓவன் இருக்கிறது, 165 டிகிரி, இரண்டு மணி நேரத்திலிருந்தே குத்திப் பார்க்கத் தொடங்குங்கள்.

26 டிசம்பர்

நெஞ்சு, நான் இதுவரை சாப்பிட்டதிலேயே நல்ல வான்கோழி நெஞ்சு. கத்தி இறங்கியபோது பலகையில் சாறு ஓடியது, துண்டு வளைந்தது, உடையவில்லை. எந்த மசாலாவையும் கொஞ்சமாகச் சாப்பிடும் என் அக்கா இரண்டாவது துண்டு கேட்டு வாங்கினார்.

குறைகளும் உண்டு. போர்மாவின் சூடு இறங்கிவிட்டதால் தோல் மொறுமொறுப்பாகவில்லை, தோல்பை மாதிரி இருந்தது. உள்ளே ஏற்றிய தண்ணீர் ஆவியாகி வருவதும் ஒரு காரணம். ஐஸ் பெட்டியில் பைக்குள் கட்டி வைத்ததும் காரணம் என்று நினைக்கிறேன். ஃப்ரிட்ஜில் மூடாமல் வைத்தால் தோல் உலரும், அது கிடைக்கவில்லை. அடுத்து, தட்டில் வடிந்த சாற்றில் அப்படியே குழம்பு வைத்தேன், உப்பு கரித்தது. அதில் பாதிக்குப் பாதி உப்பில்லாத எலும்புச்சாறோ தேங்காய்ப்பாலோ சேர்த்த பிறகுதான் சரியாயிற்று.

எடுத்தவுடன் அறுக்காதீர்கள், அரை மணி நேரம் விடுங்கள். பிள்ளைகள் சுற்றி நின்று அவசரப்படுத்தினார்கள், நான் விடவில்லை.

27 டிசம்பர்

பாறசாலையிலிருந்து வந்த செய்தி: "நெஞ்சு நன்றாக வந்தது. 74 தொட்டதும் எடுத்தேன். தொடை எலும்பை ஒட்டி இளஞ்சிவப்பாக இருந்ததால் தொடையை மட்டும் வெட்டி மறுபடி வைத்தேன். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் மிஞ்சிய நெஞ்சுக்கறியை மறுநாள் காலை ஆப்பத்துக்கு எடுத்து வைத்துக்கொண்டார்."

தொடையை மறுபடி வைத்தது நல்ல முடிவு. எலும்பருகே சிவப்பு என்பதை மட்டும் வைத்து வேகவில்லை என்று சொல்ல முடியாது, இளம் பறவையில் எலும்பின் நிறம் இறங்கும். தெர்மாமீட்டர்தான் சாட்சி. தொடைக்கு 80-ஐத் தாண்டினால்தான் ஜவ்வு இளகிச் சாப்பிட இதமாக இருக்கும். முதலிலேயே நெஞ்சுக்கு மேல் ஒரு ஃபாயில் போட்டு மூடி வைத்தால் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வந்து சேரும். அடுத்த முறை அப்படிச் செய்யுங்கள்.

4 ஜனவரி 2024

வளைகுடாவில் இருக்கும் ஒருவர், கடையில் வாங்கிய உறைந்த வான்கோழிக்கும் இதே கணக்கா என்கிறார். இல்லை. உறையில் படித்துப் பாருங்கள். அமெரிக்காவிலிருந்து வரும் பலவற்றில் உப்புநீர் ஏற்கெனவே ஏற்றியிருக்கும். அதற்கு மேல் நீங்களும் ஏற்றினால் வாயில் வைக்க முடியாது. என் கணக்கு முற்றத்தில் வளர்ந்த பறவைக்கு மட்டும்.

தாராவுக்கும் (வாத்துக்கும்) ஊசி போடலாமா என்ற கேள்விக்கு: தேவையில்லை. அதன் தோலுக்கடியிலேயே வேண்டிய கொழுப்பு இருக்கிறது, அதை உருக்கி வெளியே எடுப்பதுதான் அங்கே வேலை.

9 மார்ச்

ஈஸ்டருக்கு ஆறு மாதப் பெட்டை ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன். இந்த முறை நாலு கிலோ வராது, மூன்றுதான். 300 மில்லி, 18 கிராம் உப்பு, வெளியே 12. ஃப்ரிட்ஜில் கீழ்த்தட்டைக் காலி செய்து, மூடாமல் ஒரு ராத்திரி. போர்மாவில் முதல் ரொட்டிக்கு முன்னால் இடம் கேட்டிருக்கிறேன், சூடு உச்சத்தில் இருக்கும்போது இருபது நிமிஷம் தோலுக்கு, அப்புறம் வாய்ப்பக்கம் இழுத்து வைத்து மெதுவாக. தோல் எப்படி வந்தது என்று எழுதுகிறேன்.